மூச்சுக்கும் ஒரு நோட்டு

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மூச்சு. யோகாசன மூச்சு அல்ல. அதைச் சொல்லித்தர இந்தக் கோவையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட மூச்சடைப்பு நோய், நுரையீரல் தழும்பேறும் நோய், பஞ்சுத் தூசியால் வரும் பைசினோசிஸ், இவற்றில் ஏதாவது ஒன்றோடு வருஷக்கணக்காகக் காலம் தள்ளுகிறவர்களின் மூச்சு. அவர்கள் தங்கள் நுரையீரலின் திறனைத் தங்கள் வீட்டிலேயே, தங்கள் கையாலேயே அளந்து எழுதிவைக்க வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்தது. அப்படி எழுதுவது எப்போது பயன் தரும், எப்போது வெறும் எண்ணாகப் போய்விடும் என்பதையும் சேர்த்தே சொல்லப் போகிறேன்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். 2016ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் ஏறத்தாழ 5.5 கோடிப் பேர், ஆஸ்துமா உள்ளவர்கள் ஏறத்தாழ 3.8 கோடிப் பேர் என்று 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இரண்டையும் கூட்டினால் தமிழ்நாட்டு மக்கள்தொகையையே தாண்டுகிறது. இத்தனை பேருக்கு இருக்கிற நோயை நாம் எப்படிக் கவனிக்கிறோம்? நம் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். பி.பி. பார்க்கிற மிஷின் இருக்கிறது. சர்க்கரை பார்க்கிற மிஷின் இருக்கிறது, பக்கத்திலேயே ஸ்ட்ரிப் டப்பா இருக்கிறது. 2021 மே மாதக் கடைசியில், கோவை மாவட்டத்தின் அன்றாடத் தொற்று சென்னையையே மிஞ்சிய நாட்களில் அலைந்து திரிந்து வாங்கிய ஆக்சிமீட்டர், பேட்டரி தீர்ந்துபோய் ஒரு மூலையில் கிடக்கிறது. சர்க்கரை நோயாளியிடம் போய், "காலையில வெறும் வயித்துல எவ்வளவுங்க?" என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எண்ணைச் சொல்வார். இருபது வருஷமாக இழுப்பு உள்ளவரிடம், "நீங்க ஊதுனா எவ்வளவு வருமுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியே அவருக்குப் புரியாது. குறை அவரிடம் இல்லை. இருபது வருஷத்தில் ஒருவரும் அவருக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

"ஆஸ்பத்திரியில்தான் ஊதுகிற டெஸ்ட் எடுக்கிறார்களே, அப்புறம் வீட்டில் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரியில் எடுக்கிற ஸ்பைரோமெட்ரியை நான் குறைத்துப் பேச வரவில்லை. முழு மூச்சில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது, அதில் முதல் ஒரு விநாடியில் எவ்வளவு வருகிறது என்று பிரித்துச் சொல்வது அதுதான். அந்த டெஸ்ட் இல்லாமல் ஒருவருக்கு ஆஸ்துமா என்றோ சி.ஓ.பி.டி. என்றோ பெயர் சூட்டிவிடுவது தவறு. அந்தத் தவறு நம் ஊரில் தாராளமாக நடக்கிறது. ஆனால் அந்த டெஸ்ட் எந்த நேரத்தில் நடக்கிறது? ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய் மிகவும் சுருங்கியிருப்பது விடியற்காலை. அவர் எழுந்து உட்கார்ந்து, பம்ப் அடித்து, குளித்து, பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, டெஸ்ட் அறைக்குள் போகும்போது மணி பதினொன்று. அதற்குள் குழாய் விரிந்துவிட்டது. எண் நன்றாக வருகிறது. "நல்லாத்தானே இருக்கீங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். பருவம் வேறு இருக்கிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புழுதியை வாரிக்கொண்டு வரும் காற்று, ஐப்பசியில் தீபாவளிப் புகை, மார்கழிப் பனி, தையில் களத்துத் தூசி, ஒவ்வொன்றும் ஒவ்வொருவரின் குழாயை ஒவ்வொரு விதமாகச் சுருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகிறவரின் டெஸ்ட் இவற்றில் எதைப் பிடிக்கும்?

இப்போது இந்த ஊருக்கே உரிய நோய்க்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பீளமேடு, சிங்காநல்லூர் என்று மில்கள் எழுந்தன. தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கினோம், இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த அசல் மான்செஸ்டரில், அந்த லங்காஷயர்ப் பஞ்சாலைகளில், 1950களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் தொழிலாளர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: நெஞ்சு இறுக்கம் எந்தக் கிழமை வருகிறது? திங்கட்கிழமை என்றார்கள். ஞாயிறு ஓய்வெடுத்துவிட்டுத் திங்கள் உள்ளே போய்ச் சில மணி நேரத்தில் நெஞ்சைக் கட்டிப்போட்டதுபோல் இறுகும். செவ்வாய் கொஞ்சம் தேவலை. புதன் மறந்தே போகும். வருஷங்கள் போகப் போகச் செவ்வாயும் இறுகும், புதனும் இறுகும், கடைசியில் எல்லா நாளும் இறுகும். இந்த வரிசையை வைத்துத்தான் அவர் பைசினோசிஸ் நோயைப் படிப்படியாகத் தரம் பிரித்தார். சணல், ஆளி நார் சிக்கெடுப்பவர்களின் இருமலைப் பற்றி இத்தாலியரான ரமாசினி 1700லேயே எழுதியிருந்தார். நோயாளியைப் பார்த்ததும் என்ன தொழில் செய்கிறாய் என்று கேள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவரும் அவர்தான்.

பஞ்சுத் தூசி என்றால் வெறும் பஞ்சு இல்லை. காய்ந்த இலைத்துணுக்கு, பூவிதழ்ச் செதில், மண், அவற்றில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா, அந்த பாக்டீரியாவின் உறையில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சு, எல்லாம் சேர்ந்ததுதான் பஞ்சுப் பேலைப் பிரிக்கும்போது பறக்கிறது. பேலைப் பிரிக்கும் புளோரூமிலும், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் இது அதிகம். ஸ்பின்னிங்குக்கு வரும்போது குறையும். இனி யோசித்துப் பாருங்கள். நம் மில்களில் வார ஓய்வு எல்லாருக்கும் ஞாயிறு இல்லை. ஒருவருக்குச் செவ்வாய், ஒருவருக்கு வெள்ளி. ஓய்வு முடிந்து திரும்புகிற நாள்தான் அவரவருடைய திங்கட்கிழமை. கார்டிங்கில் வேலை செய்யும் தொழிலாளி எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவார்? லீவு நாளில்தான் போவார். தூசியை மூச்சில் இழுக்காத நாளில் போய் ஊதுகிறார். எண் நன்றாக இருக்கிறது. நோய் இல்லை என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். மறுநாள் உள்ளே போகிறார், மதியத்துக்குள் நெஞ்சு இறுகுகிறது. ஆஸ்பத்திரி பொய் சொல்லவில்லை, கருவியும் பொய் சொல்லவில்லை. அளந்த நாள் தப்பு. நோய் எந்த நாளில், எந்த மணியில் இருக்கிறதோ அந்த நாளில், அந்த மணியில் அளக்க வேண்டும். அதை அளக்கக்கூடிய ஒரே ஆள் அந்த நோயாளிதான்.

அதற்குக் கருவி உண்டா? உண்டு. லண்டனில் ஜான் ஹட்சின்சன் 1846இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து அளந்து வெளியிட்டபோது அவருடைய ஸ்பைரோமீட்டர் தண்ணீர்த் தொட்டியும் கப்பியுமாக நின்றிருந்தது. வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. ஒரு நூற்றாண்டு கழித்து, வேல்ஸ் நாட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் தூசி நுரையீரலை ஆராய்ந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றப் பிரிவில் பணியாற்றிய மார்ட்டின் ரைட் என்பவர், ஒரு ஊதலின் உச்ச வேகத்தை மட்டும் அளக்கும் எளிய கருவியை உருவாக்கினார். 1959இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. 1970களில் அதன் சிறிய வடிவமும் வந்தது. அதன் வழியில் வந்ததுதான் இன்று மருந்துக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பீக் ஃப்ளோ மீட்டர். தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கையில் பிறந்த கருவி என்பதை மில் தோழர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் குழல். ஒரு முனையில் வாய் வைக்கும் இடம். பக்கவாட்டில் 60 முதல் 800 வரை கோடு. நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வேகம் என்ற கணக்கு. கோட்டின் மேல் நகரும் ஒரு சிவப்புக் குறி. பேட்டரி இல்லை, சார்ஜர் இல்லை. குறியை அடிக்குத் தள்ளுங்கள். எழுந்து நில்லுங்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, உதட்டால் இடைவெளி இல்லாமல் கவ்வி, ஒரே மூச்சாக விசையோடு ஊதுங்கள். நீளமாக ஊத வேண்டியதில்லை, வேகம்தான் கணக்கு. நாக்கு ஓட்டையை அடைக்கக் கூடாது. கன்னத்தால் துப்பினாற்போல ஊதினால் எண் பொய்யாக ஏறும். மூன்று தடவை ஊதி, மூன்றில் எது அதிகமோ அதை எழுதுங்கள். சராசரி போடாதீர்கள். காலையில் பம்ப் அடிப்பதற்கு முன்பு ஒரு முறை, மாலையில் ஒரு முறை. வேலையிடத்தில்தான் நோய் வருகிறது என்ற சந்தேகம் இருந்தால் இரண்டு போதாது. ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது, வேலை நாளும் ஓய்வு நாளும் சேர்த்து இரண்டு மூன்று வாரம் எழுத வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு இழுப்பு இருந்தால் இரண்டு குழல் வாங்குங்கள். ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வைக்க வேண்டாம்.

இதையெல்லாம் படிக்காதவர்கள் செய்வார்களா என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வருவதுண்டு. கொங்கு நாட்டுக் கிராமத்தில் பால் சொசைட்டி நோட்டைப் பார்த்ததில்லையா நீங்கள்? காலையில் எத்தனை லிட்டர், சாயங்காலம் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, டிகிரி எவ்வளவு என்று வருஷம் முழுக்க வரிசையாக இருக்கும். பள்ளிக்கூடம் போகாத அம்மணி, நேற்றைக்கு நான்கு புள்ளி இரண்டு, இன்றைக்கு மூன்று புள்ளி எட்டு என்றதும், தீவனத்தில் என்ன மாறியது என்று யோசிக்கிறார். எண் குறைந்தால் காரணம் தேடுவதும், காரணம் தெரிந்தால் மாற்றுவதும் அவருக்குப் புதிதில்லை. மாட்டுக்குக் காலையும் மாலையும் எழுதுகிறவர், தனக்கு எழுத மாட்டாரா?

எழுதிய எண்ணை எப்படிப் படிப்பது? ஊரார் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் நன்றாக இருக்கும்போது இரண்டு மூன்று வாரம் ஊதி, அதில் வந்த உச்சம்தான் உங்கள் எண். உங்கள் உச்சம் 450 என்று வைத்துக்கொள்வோம். அதில் எண்பது சதவீதம் 360. அதற்கு மேல் இருந்தால் வழக்கமான மருந்தோடு வழக்கமான வேலை. 360க்கும் 225க்கும் நடுவில் வந்தால் ஏதோ ஆரம்பித்துவிட்டது. டாக்டர் எழுதித்தந்த கூடுதல் மருந்தைத் தொடங்க வேண்டும். பாதியான 225க்குக் கீழே போனால் உடனடி நிவாரண மருந்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், 108ஐக் கூப்பிட வேண்டும். விடியட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. இன்னொன்றும் இந்த நோட்டில் தெரியும். காலை 300, மாலை 380 என்று இரண்டு வாரம் ஏறியும் இறங்கியும் வந்தால், அந்த வித்தியாசம் சராசரியில் 23 சதவீதத்துக்கு மேல். பெரியவர்களுக்கு அது 10 சதவீதத்தைத் தாண்டினாலே ஆஸ்துமா என்ற சந்தேகம் வலுக்கிறது. பதினொரு மணி டெஸ்ட் சொல்லாததை இரண்டு வாரத்து நோட்டு சொல்லிவிடுகிறது.

சரி, எதிர்ப்பக்கம் என்ன சொல்கிறது? அதைக் கேட்காமல் பேசுவது பிரசாரம். ஸ்காட்லாந்தின் லோதியன் பகுதியில் சி.ஓ.பி.டி. உள்ள 256 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பாதிப் பேருக்கு வீட்டிலேயே கருவிகள் கொடுத்து, அளவுகளை அன்றாடம் மருத்துவக் குழுவுக்கு அனுப்பச் செய்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்வது தள்ளிப்போனதா? போகவில்லை. கருவி இல்லாதவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆஸ்துமாவிலும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்: எண்ணை வைத்து நடக்கும் சிகிச்சைத் திட்டமும், இருமல், இழுப்பு, ராத்திரி விழிப்பு போன்ற அறிகுறிகளை வைத்து நடக்கும் திட்டமும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் நான் இவ்வளவு நேரம் பேசியது வீணா?

இல்லை. இந்த ஆய்வுகளை ஊன்றிப் படித்தால் ஒன்று தெரியும். கருவி தானாக யாரையும் குணப்படுத்துவதில்லை. எண் வந்தது, இனி என்ன செய்வது என்று தாளில் எழுதிக் கையில் கொடுத்த இடத்தில், அதைச் சொல்லித்தந்து அவ்வப்போது கூப்பிட்டுப் பார்த்த இடத்தில், ஆஸ்துமா நோயாளிகள் ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்திருக்கிறது. எண்ணை மட்டும் சேகரித்து எங்கேயோ அனுப்பிய இடத்தில் பலன் சொற்பம். செல்போனில் செயலி இருக்கிறது, ஊதினால் கிராப் வருகிறது என்று விற்கிறார்கள். கிராப் வரட்டும், எண் உச்சத்தில் பாதிக்குக் கீழே போனால் எந்த மருந்து, எத்தனை தடவை, யாருக்குப் போன் என்று அந்தச் செயலியில் உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறாரா? எழுதவில்லையென்றால் நாற்பது பக்க நோட்டே மேல்.

அறிகுறியே போதும் என்கிறவர்களுக்கு இன்னொரு பதில் உண்டு. அறிகுறி எல்லாருக்கும் ஒழுங்காகத் தெரிவதில்லை. உயிர் போகும் அளவுக்கு ஆஸ்துமா முற்றிப் பிழைத்து வந்தவர்களை ஜப்பானிய மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து 1994இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதினார்கள். மூச்சுக்குத் தடை ஏற்படுத்தினாலும் அவர்களுக்குத் திணறல் மற்றவர்களைப்போல உறைக்கவில்லை. குழாய் பாதி அடைத்த பிறகும் "பரவாயில்லைங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்கிறவர்கள் இவர்கள். நம் ஊரில் இவர்களைப் பொறுமைசாலி என்று பாராட்டுகிறோம். வருஷக்கணக்கில் மூச்சு குறைந்துகொண்டே வந்தவர்கள் அந்தக் குறையையே இயல்பு என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. மாடிப்படி ஏறுவதை விட்டுவிடுகிறார். பிறகு கோயிலுக்கு நடப்பதை விட்டுவிடுகிறார். மூச்சு வாங்கவில்லை என்கிறார். நடக்கவே இல்லை, எப்படி வாங்கும்? ஆகவே எல்லாரும் ஆயுசுக்கும் ஊதிக்கொண்டிருக்க வேண்டாம். ஒருமுறையாவது ஐ.சி.யூ. வரை போய் வந்தவர், திணறல் தெரியாதவர், புதிதாக நோய் கண்டவர், மருந்து மாற்றியவர், வேலையிடத்தில் சந்தேகம் உள்ளவர், இவர்களுக்கு நோட்டு கட்டாயம். மற்றவர்களுக்குத் தங்கள் உச்ச எண் தெரிந்திருந்து, சளி பிடித்தால் எடுத்து ஊதிப் பார்த்தாலே போதும்.

நோய்க்கு நோய் கருவியும் மாறும் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சி.ஓ.பி.டி.க்கு பீக் ஃப்ளோ அவ்வளவு நம்பகமில்லை. அங்கே சளியின் நிறம், அளவு, எத்தனை அடி நடந்தால் நிற்க வேண்டியிருக்கிறது என்பதை எழுதுவதே மேல். தழும்பேறும் நோயில் காற்றின் வேகம் குறையாது, கொள்ளளவு குறையும். அதற்குக் கையடக்க ஸ்பைரோமீட்டர் வேண்டும், விலையும் பல மடங்கு. 2020இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் நோயாளிகள் வீட்டில் ஊதிய எண்கள் தாறுமாறாக ஏறி இறங்கியதால் திட்டமிட்ட கணக்கையே போட முடியவில்லை. கருவியைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. தழும்பு நோய் என்றதும் அது நமக்குத் தொடர்பில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். 2017இல் வெளியான இந்தியப் பதிவேட்டில் இந்த வகை நோய் உள்ள 1,084 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருந்தது ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சி. அவர்களில் பலர் ஏர் கூலர் காற்றில் இருந்தவர்கள். ஆக்சிமீட்டரைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அது ஆக்சிஜனைக் காட்டும், குழாய் சுருங்குவதைக் காட்டாது. ஆஸ்துமா முற்றும்போது 96, 97 என்று காட்டிக்கொண்டே இருந்து கடைசியில்தான் சரியும். கருத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2020இல் சொன்னது. விரலில் மருதாணி கருத்திருந்தாலும் தடுமாறும். தழும்பு நோய் உள்ளவர் உட்கார்ந்த இடத்தில் பார்த்துத் திருப்திப்படக் கூடாது, நடந்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

இனி வருவது நான் மிகவும் மதிக்கிற ஆட்சேபம். தொழிற்சங்கத் தோழர்கள் கேட்பது: தூசியைக் குறைப்பது முதலாளியின் கடமை, சோதிப்பது அரசின் கடமை, அதையெல்லாம் விட்டுவிட்டு நீயே ஊது, நீயே எழுது என்று தொழிலாளியின் தலையில் கட்டுகிறாயா? எண் குறைந்தது தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிட மாட்டார்களா? இரண்டும் உண்மையான பயம். கடமையை நான் யார் தோளிலிருந்தும் இறக்கவில்லை. அமெரிக்காவில் 1978இல் வந்த பஞ்சுத் தூசி விதி, காற்றில் எவ்வளவு தூசி இருக்கலாம் என்று வரம்பு போட்டதோடு நிற்கவில்லை. தொழிலாளியை ஷிப்டுக்கு முன்பும் பின்பும் ஊதவைத்துப் பார்க்க வேண்டும் என்றும் ஆலைகளைக் கட்டாயப்படுத்தியது. ஆலைகள் வழக்குப் போட்டன. 1981இல் அங்கே உச்ச நீதிமன்றம் விதியை உறுதி செய்தது. ஆனால் அந்த விதி எப்படி வந்தது? பைசினோசிஸ் என்பதே மருத்துவர்கள் கட்டிவிட்ட கதை என்று அங்கத்திய ஜவுளித் தொழில் இதழ் ஒன்று 1969இல் எழுதிய காலம் அது. கரோலினா மாநிலங்களில் ஓய்வுபெற்ற மில் தொழிலாளர்கள் 1975இல் பிரவுன் லங் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கி, ஊர் ஊராகத் தாங்களே மூச்சுப் பரிசோதனை முகாம் நடத்தி, எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நஷ்டஈடு கேட்டார்கள். எண் தொழிலாளியின் கையில் இருந்தது. அதனால்தான் அவர்களுடைய நஷ்டஈட்டுக் கோரிக்கை நிலைத்து நின்றது.

நம் சட்டத்திலும் நஷ்டஈடு கேட்க இடம் இருக்கிறது. இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. தமிழ்நாட்டில் அது முதலில் வந்த ஊர் கோவை, 1955இல். மில் தொழிலாளர்கள் இங்கே இருந்ததால் வந்தது. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் பைசினோசிஸ் இருக்கிறது. பட்டியலில் இருந்தால் போதுமா? புகைபிடித்தாய், அதனால் இருமல் என்று சொல்லி அனுப்பிவிட்டால் என்ன பதில்? பீடி குடித்தவனுக்கு வார ஓய்வுக்கு மறுநாள் மட்டும் எண் ஏன் விழுகிறது என்று எடுத்துக் காட்ட ஒரு நோட்டு வேண்டாமா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் ஸ்பின்னிங் மில் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். இரண்டு வருஷத்தில் ஊர் திரும்பிவிடுவார்கள். ஆலையின் பதிவேடு அவர்களோடு போகாது, நோய் போகும். வேலை போய்விடும் என்ற பயத்துக்கு என் பதில் ஒன்றுதான். நோட்டு தொழிலாளியுடையது. அதை மேஸ்திரியிடமோ ஆபீசிலோ கொடுக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் சங்கத்திடம் காட்டுங்கள். எப்போது யாரிடம் காட்டுவது என்று முடிவு செய்யும் உரிமையும் அளக்கிறவருடையதே.

அரசிடமும் ஒரு கோரிக்கை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பி.பி.யையும் சர்க்கரையையும் வீட்டு வாசலுக்கே வந்து பார்க்கிறது. 2024இல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் ஆலைக்குள்ளேயே போயிருக்கிறது. நல்ல திட்டங்கள், மனதாரப் பாராட்டுகிறேன். பஞ்சாலை, ஃபவுண்டரி, விசைத்தறி, தென்னை நார் ஆலை, கல் குவாரி என்று தூசியிலேயே பிழைக்கும் கொங்கு நாட்டுக்கு வரும் அந்தத் திட்டங்களின் மருத்துவப் பெட்டிக்குள் சில நூறு ரூபாய்க் குழல் ஒன்றையும் வையுங்கள். விறகடுப்பு முன்னால் முப்பது வருஷம் ஊதிய தாய்மார்கள் பீடியைத் தொடாமலேயே சி.ஓ.பி.டி. வாங்கியிருக்கிறார்கள், வீடு வீடாகப் போகிற சகோதரி அவர்களையும் ஒருமுறை ஊதச் சொல்லட்டும், குறைந்திருந்தால் ஸ்பைரோமெட்ரிக்கு அனுப்பட்டும்.

கடைசியாக உங்களிடம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஒரு நோட்டு கொண்டு போங்கள். முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதி வாங்குங்கள்: என் உச்ச எண் எவ்வளவு, எந்த எண்ணுக்குக் கீழே போனால் எந்த மருந்தைக் கூட்டுவது, எந்த எண்ணுக்குக் கீழே போனால் கிளம்பி வருவது. அவர் எழுதித்தராமல் நீங்களாக மருந்தைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். எழுதித்தர மறுக்கிற டாக்டர் இந்த ஊரில் அதிகம் இருக்க மாட்டார்கள். கேட்கிற நோயாளிதான் இதுவரை குறைவு. கேளுங்கள்.